அறுபது தாண்டியவர்கள், சுகரும் இருக்கிறது: இதயத்துக்கு எந்த மூச்சுப்பயிற்சி, எப்படிச் செய்வது?

யோகா என்றதும் தலைகீழாக நிற்பதும், வயிறு குலுங்கக் கபாலபாதி செய்வதும் ஞாபகத்துக்கு வந்தால் அதையெல்லாம் ஓரமாக வையுங்கள். பல வருடமாகச் சுகர் உள்ள பெரியவர்களுக்கு வேண்டியது மெதுவான மூச்சுதான், நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 முறை.

முதலில் குளுக்கோமீட்டரை எடுங்கள். யோகாவை வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும் என்பார்கள், ஆனால் இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு அது சரிப்படாது. சுகர் 100க்குக் கீழே இருந்தால் பாதி வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டு ஆரம்பியுங்கள். 70க்குக் கீழே என்றால் அப்போதைக்குப் பயிற்சி வேண்டாம். 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பிரஷருக்கு மெட்டோபிரலால் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு லோ சுகரின் படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே போகலாம், வியர்ப்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, இப்போது நாற்காலி. டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதம் இரண்டும் தரையில் படிய, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மூக்கு வழியாக 4 எண்ணும்வரை இழுத்து 6 எண்ணும்வரை விடுங்கள். திணறினால் 3க்கு 4 போதும், ஆனால் விடுவது எப்போதும் இழுப்பதைவிட நீளமாக இருக்கட்டும், நடுவில் அடக்க வேண்டாம். மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைச் சற்றுக் குறைக்கிறது. நாள்பட்ட சுகர் கெடுப்பது இந்த நரம்புகளையும்தான், அதனால்தான் சிலருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி வேகமாக ஓடுகிறது. மெதுவான மூச்சைத் தினமும் பழகினால் பிரஷர் கொஞ்சம் இறங்கலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்!

5 நிமிடத்தில் ஆரம்பித்து 10, 15 என்று கூட்டலாம். பழகிய பிறகு நாடி சுத்தி: இடது மூக்கில் இழுத்து வலதில் விட்டு, வலதில் இழுத்து இடதில் விடுவது. எண்ணுவது அலுப்பாக இருந்தால் பிரமரி செய்யுங்கள், வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே மூச்சை விட்டால் அது தானாகவே நீளும்.

அப்புறம் உட்கார்ந்தபடியே மூச்சை இழுக்கும்போது கையை உயர்த்தி விடும்போது இறக்குவது, இடுப்பை மெதுவாக இரு பக்கமும் திருப்புவது, கணுக்காலைச் சுழற்றுவது. முடிந்தால் நாற்காலியின் பின்னால் நின்று, முதுகுச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். பாதம் மரத்திருப்பவர்கள் வெறுங்காலோடு செய்யாதீர்கள், முடிந்ததும் உள்ளங்காலில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் சிரசாசனம், சர்வாங்காசனம், குனிந்து தலையைத் தொங்கவிடுவது, மூச்சைப் பிடித்து முக்குவது எதுவும் கூடாது, கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். கபாலபாதியும், வேகவேகமாக மூச்சை இழுத்து விடும் பஸ்திரிகாவும் இதயநோயோ கட்டுப்படாத பிரஷரோ உள்ளவர்களுக்கு வேண்டாம். ஸ்டென்ட் வைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறதா? இதய மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

முடித்ததும் சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கித் தலைசுற்றும், ஓரிரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். இன்னொன்று, சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். காரணமில்லாமல் மூச்சு வாங்கினாலோ, குப்பென்று வியர்த்தாலோ, தாடையோ கையோ வலித்தாலோ பயிற்சியை அப்படியே நிறுத்தி சுகரைப் பாருங்கள், அது 70க்குக் கீழே இல்லையென்றால், 'வாயுவாக இருக்கும்' என்று இஞ்சி தட்டிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.