விரிசல் விட்ட அரிவாள் பிடிக்கு கூல்டிரிங்ஸ் பாட்டில்

காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலின் நடுப்பகுதியை, விரல் அகலத்தில் சுற்றிச் சுற்றி ஒரே நாடாவாக வெட்டுங்கள். விரிசல் விட்ட பிடியில் இழுத்துப் பிடித்து நெருக்கமாகச் சுற்றி, நுனியைக் கடைசி இரண்டு சுற்றுக்குள் நுழைத்து இறுக்குங்கள். மேலே கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றினால் நாடா சுருங்கிப் பிடியைக் கவ்விக்கொள்ளும். ஏற்காட்டில் கவாத்துக் கத்தி, களைக்கொத்து வைத்திருப்பவர்கள் செய்து பார்க்கலாம். கம்பி கட்டினால் கையைக் கிழிக்கும், இது கிழிக்காது.

சட்டைத் துணியில் இருக்கும் அதே பாலியெஸ்டர்தான் இந்த பாட்டிலும். 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் இருவரும் கண்டுபிடித்தது. சூடான குழாயைக் காற்றடித்து ஊதி பாட்டிலாக்கும்போது அதன் நீண்ட மூலக்கூறுகள் இழுபட்ட நிலையிலேயே உறைந்துவிடுகின்றன. சுமார் 75 டிகிரியைத் தாண்டிச் சூடு பட்டதும் அவை பழைய நிலைக்குச் சுருண்டு திரும்பும். மலை மேல் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும் இதற்கு அது தாராளம்.

பாட்டிலின் கழுத்து சுருங்காது, அது ஊதப்படாத பகுதி. சூடாக நிரப்பும் ஜூஸ் பாட்டில்களும் சரிப்படாது. வெந்நீர் தாங்கவென்றே பதப்படுத்தியவை. பால் கேன், மூடி எல்லாம் வேறு பிளாஸ்டிக். பிடி முழுசாக உடைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அடுப்புப் பக்கம் புழங்கும் சாமான்களுக்கு வேண்டவே வேண்டாம், நாடா இளகிவிடும்.