விமானி பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டும் முன்

பாளையங்கோட்டையோ வள்ளியூரோ, வயலை அடமானம் வைக்கும் முன் பிள்ளைக்கு டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பு) மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள்: முதலில் தொடக்கநிலையான கிளாஸ் 2, பிறகு அதைவிடக் கடுமையான கிளாஸ் 1. நிறப்பார்வைக் குறை அங்கேதான் தெரியவரும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் கட்டாயம்.

டிஜிசிஏ அங்கீகாரப் பட்டியலில் பள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நேரில் போங்கள். ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை பயிற்றுநர், எத்தனை மாணவர் என்று எண்ணுங்கள். ப்ரொப்பெல்லர் கழற்றித் தூசி படிந்து விமானங்கள் நின்றால் அந்தப் பள்ளி வேண்டாம். சிபிஎல்லுக்கான (வணிக விமானி உரிமத்துக்கான) 200 மணி நேரப் பறத்தல் இழுத்தடிக்கப்படுவது அப்படித்தான். படிக்கும் மாணவரின் லாக்புக்கை (பறந்த மணிக்கணக்குப் புத்தகத்தை) கேட்டு வாங்கி, மாதம் எத்தனை மணி நேரம் பறந்தார் என்று பாருங்கள்.

எம்பிஎல் (பல விமானிகள் சேர்ந்து ஓட்டும் விமானத்துக்கான உரிமம்) என்றால் குறைந்தது 240 மணி நேரப் பயிற்சி, பெரும்பகுதி சிமுலேட்டரில். அது ஒரு விமான நிறுவனத்தை நம்பி நடக்கும் படிப்பு. அவர்கள் ஆளெடுப்பை நிறுத்தினால் என்ன வழி என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள், பறந்த மணிக்கேற்பத் தவணையாகக் கட்டுங்கள்.