புது உயிரினமா? முதலில் மூன்று 'முடியாது' எழுதுங்கள்

பலர் சேர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை வளர்த்து ஆடும் ரோல்பிளேவுக்கு ஒரு கற்பனை இனத்தை உருவாக்கும்போது, சக்திகளைத் தொடாமல் முதலில் அதனால் முடியாத மூன்று விஷயங்களை எழுதுங்கள். அவற்றை ஏதாவது ஓர் உண்மையான விலங்கின் உடலிலிருந்து எடுங்கள். அழுங்கை (உடலெங்கும் செதில் உள்ள, எறும்பு தின்னும் விலங்கு) எடுத்தால்: பல் கிடையாது, அதனால் கடிக்க முடியாது, பந்தாகச் சுருண்டால் பாதுகாப்பு, ஆனால் ஓட முடியாது, பார்வை மங்கல், தூரத்து ஆளை அடையாளம் தெரியாது. அதன்பிறகு இரண்டே சக்திகள் போதும். மண்ணைத் தோண்டுவது, மோப்பம்.

கூட்டுக் கதையில் மற்றவர்களுக்குப் பிடித்து இழுக்க ஒரு நுனி வேண்டும். சக்தி மட்டுமே உள்ள பாத்திரம் எல்லாச் சிக்கலையும் தானே முடித்துவிடும். மற்றவர்கள் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். உடலிலிருந்து வரும் குறைக்கு இன்னொரு லாபம்: நடு ஆட்டத்தில் அதை யாரும் சத்தமில்லாமல் மாற்ற முடியாது.

குறை வெளியே தெரிவதாக இருக்கட்டும். 'மனதில் ஆழ்ந்த சோகம்' என்று எழுதினால் எதிரே ஆடுபவர் அதை வைத்து என்ன செய்வார்? உயரத்தையும் பொருளோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள், 'கதவு நிலையில் தலை இடிக்கும்' என்பதுபோல. இல்லாவிட்டால் ஒவ்வொரு காட்சியிலும் அது வளரும், சுருங்கும்.

ஆட்டத்தை நடத்துபவர் ஒரே காட்சிக்குக் கொண்டுவரும் அரக்கனுக்கு இவ்வளவு தேவையில்லை. பகடையும் மதிப்பெண்ணும் உள்ள ஆட்டம் என்றால் அதன் விதிப்படியே போங்கள்.