சைவ ஜியாவ்சி: வாய் பிளக்காமல் வேகவைக்கும் முறை

வட சீன வீடுகளில் புத்தாண்டுக்கு முந்தைய இரவு குடும்பமே கூடி அமர்ந்து, மெல்லிய மாவு வட்டத்துக்குள் பூரணம் வைத்து மடிக்கும் உணவு ஜியாவ்சி. அதன் வடிவம் பழைய சீனாவில் பணமாகப் புழங்கிய யுவான்பாவ் என்னும் வெள்ளிக் கட்டியை ஒத்திருப்பதால், அதை உண்டால் செல்வம் சேரும் என்பது அங்குள்ள நம்பிக்கை. புத்தாண்டின் முதல் நாளில் இறைச்சியைத் தவிர்த்துச் சைவ ஜியாவ்சி மட்டும் உண்ணும் குடும்பங்களும் உண்டு.

முதன்முறை செய்பவருக்குச் சைவ வகைதான் கடினம். கொத்திய இறைச்சியை ஒரே திசையில் கிளறினால் அது பசைபோல் இறுகித் தன் சாற்றைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். காய்கறிக்கு அந்தக் குணம் இல்லை; உப்புப் பட்டதும் நீர் விடும். அந்த நீர் மேல்மாவை நனைத்து இளக்கிவிடுவதால், கொதிநீரில் போட்டதும் மடிப்பு பிளந்துகொள்ளும். என் முதல் முயற்சி முட்டைக்கோஸ் சூப்பாக முடிந்தது இப்படித்தான்.

முதலில் மாவைப் பிசைந்துவிட வேண்டும், ஏனெனில் அது ஊறும் நேரத்தில் பூரணத்தை முடித்துவிடலாம். 300 கிராம் மைதாவில் ஒரு சிட்டிகை உப்பிட்டு, 150 மில்லி குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசையவும். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக, முதலில் சற்று முரடாகவே இருக்கும். அதைக் கண்டு மேலும் நீர் ஊற்றிவிடக் கூடாது. ஈரத்துணியால் மூடி 30 நிமிடம் வைத்துவிட்டு மீண்டும் பிசைந்தால் தானே வழவழப்பாகிவிடும். இது நீரில் வேகவைப்பதற்கான மாவு. ஆவியில் வேகவைப்பதானால் சுடுநீரில் பிசைவது வழக்கம்.

பூரணத்திற்கு 300 கிராம் முட்டைக்கோஸ், ஒரு சிறிய காரட், ஊறவைத்த உலர் ஷிடாகே காளான் நான்கைந்து, 120 கிராம் கெட்டியான டோஃபு, 30 கிராம் கண்ணாடி நூடுல்ஸ், ஒரு துண்டு இஞ்சி ஆகியவை போதும். சீன பௌத்தர்களின் சைவத்தில் வெங்காயமும் பூண்டும் விலக்கு என்பதால் நானும் அவற்றைச் சேர்ப்பதில்லை. காளானின் மணமே அந்தக் குறையை ஈடுசெய்கிறது. முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி உப்புத் தூவி, 20 நிமிடம் கழித்துத் துணியில் கட்டிப் பிழியவும். டோஃபுவை நீர் வடித்து உதிர்த்து, காளானோடும் துருவிய காரட்டோடும் சேர்த்து வாணலியில் ஈரம் வற்றும்வரை வதக்கி ஆறவிடவும். கண்ணாடி நூடுல்ஸை வெந்நீரில் ஊறவைத்து நறுக்கிச் சேர்க்கவும். பாசிப்பயற்று மாவில் செய்யப்படும் இது, எஞ்சிய கசிவையும் உறிஞ்சிக்கொள்ளும்.

இனி வரிசை முக்கியம். எல்லாவற்றையும் கலந்ததும் முதலில் இரண்டு தேக்கரண்டி எள்ளெண்ணெய் ஊற்றிப் புரட்டினால், காயின் மேல் எண்ணெய் படிந்து நீர் விடுவது தாமதப்படும். அதன் பிறகே ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸும் மிளகுத்தூளும் சேர்க்க வேண்டும். சீன எள்ளெண்ணெய் வறுத்த எள்ளிலிருந்து எடுக்கப்படுவதால் நம் நல்லெண்ணெயைவிடக் கருத்து, மணம் தூக்கலாக இருக்கும். நல்லெண்ணெயைப் பயன்படுத்துவோர் ஒரு கரண்டி எள்ளை வறுத்துப் பொடித்துச் சேர்த்தால் அந்த மணத்தை ஓரளவு பெறலாம்.

மாவைக் கயிறுபோல் உருட்டி, ஏறத்தாழ 13 கிராம் துண்டுகளாக வெட்டினால் முப்பத்தைந்து அளவில் வரும். ஒவ்வொன்றையும் உள்ளங்கை அகலத்திற்குத் தேய்க்கும்போது, குழவியை ஓரத்திலிருந்து நடுப்பகுதி வரை மட்டும் உருட்டி, வட்டத்தைத் திருப்பிக்கொண்டே வரவும். நடு தடித்தும் ஓரம் மெலிந்தும் இருந்தால்தான் அடிப்பகுதி கிழியாது; மடிப்பும் மாவுக்கட்டியாகத் தங்காது. நடுவில் ஒரு தேக்கரண்டி பூரணம் வைத்துச் சோமாசிபோல் அரைவட்டமாக மடித்து, காற்று தங்காமல் ஓரத்தை அழுத்தி மூடவும். அழகான கொசுவ மடிப்புகள் நாளடைவில் கைவரும். முதல் நாள் மூடல் இறுகினாலே போதும். ஓரத்தில் எண்ணெய் பட்டுவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டாது.

அகன்ற பாத்திரத்தில் இரண்டு லிட்டர் நீரைக் கொதிக்கவிட்டு, பதினைந்து ஜியாவ்சிகளைப் போட்டதும் கரண்டியின் முதுகால் அடியோரமாக மெல்லத் தள்ளிவிடவும். இல்லையேல் அடியில் ஒட்டிக்கொள்ளும். நீர் மீண்டும் பொங்கும்போது அரைக் குவளை குளிர்ந்த நீர் ஊற்ற வேண்டும். கொதியின் வேகம் தணிவதால், மேல்மாவு உடையாமல் உள்ளிருந்து சீராக வேகும். இறைச்சி வகைக்கு மூன்று முறை ஊற்றுவார்கள். இதில் பூரணம் பெரும்பாலும் வெந்தே இருப்பதால் இரண்டு முறை போதும், மூடியும் தேவையில்லை. மிதந்து, வயிறு உப்பி, மாவு சற்றே கண்ணாடிபோல் தெரிந்தால் எடுத்துவிடலாம். மீதியை மாவு தூவிய தட்டில் இடைவெளி விட்டு உறையவைத்துப் பின்னர் பையில் சேமிக்கலாம். வேண்டும்போது உருகவிடாமல் அப்படியே கொதிநீரில் போட வேண்டும்.

தொட்டுக்கொள்ள, கருப்பு அரிசி வினிகர் இரண்டு பங்கும் சோயா சாஸ் ஒரு பங்கும் கலந்து, மெல்லியதாக நறுக்கிய இஞ்சியைத் தூவவும். வேகவைத்த நீரைக் கொட்டிவிட வேண்டாம். மாவு கரைந்து சற்றே வெளுத்திருக்கும் அந்த நீரைக் கிண்ணத்தில் ஊற்றி, ஜியாவ்சியை உண்டு முடித்ததும் சூடாகப் பருகுவது வட சீன வழக்கம்.