துடுப்பைப் பிடித்த கைக்குக் கோல்ப்: முதல் வீச்சு

நுவரெலியாவுக்கு பஸ்ஸில் வந்துபோகும் எவரும் நகரின் நடுவே விரிந்து கிடக்கும் கோல்ப் புல்வெளியைப் பார்த்திருப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அமைத்த 18 குழி மைதானம் அது. 'துரைமார் விளையாட்டு' என்று சொல்லிவிட்டு நாமும் கடந்து போய்விடுகிறோம். வீச்சைக் கற்றுக்கொள்ள அந்த வேலியைத் தாண்ட வேண்டியதில்லை. ஏழாம் இலக்க அயன் (இரும்புத் தலையுள்ள கோல்ப் கோல்) ஒன்று, பழையதானாலும் பரவாயில்லை. ஆள் நடமாட்டமில்லாத திடல். துளையிட்ட பிளாஸ்டிக் பயிற்சிப் பந்துகள். இவை போதும். உண்மையான பந்து 46 கிராமுக்குச் சற்றுக் குறைவுதான், ஆனால் மண்டையில் பட்டால் வைத்தியசாலைதான்.

கீழே சொல்வதெல்லாம் வலக்கைக்காரருக்கு. இடக்கைக்காரர் மாற்றிக்கொள்ளவும்.

முதலில் பிடி. கோலின் கைப்பிடி இடது உள்ளங்கையில் அல்ல, விரல்களின் அடிப்பகுதியில் குறுக்காகக் கிடக்க வேண்டும். பெருவிரல் கைப்பிடியின் நடுவிலிருந்து சற்று வலப்புறமாக இருக்கட்டும். குனிந்து பார்த்தால் இடது கையின் இரண்டு விரல் முட்டிகள் தெரிய வேண்டும். வலது கை அதற்குக் கீழே வந்து இடது பெருவிரலை மூடும். வலது சுண்டுவிரல் இடது கையின் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் ஏறி உட்காரும். கிரிக்கெட் துடுப்பைப் பிடித்துப் பழகியவர்கள் இங்கேதான் இறுக்குவார்கள். முன்கை நரம்பு புடைத்திருந்தால் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்கள்.

அடுத்து நிற்கும் முறை. தோள் அகலத்துக்குக் கால்களை வைத்து, பந்து இரண்டுக்கும் நடுவில் இருக்குமாறு நில்லுங்கள். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்சாய்ந்து, முழங்காலைச் சற்றுத் தளர்த்தினால் கைகள் தாமாகத் தொங்கும். கால்விரல்களுக்கு முன்னால் ஒரு குச்சியை இலக்கின் திசைக்கு இணையாகப் போட்டுவிட்டால் நிலை தவறாது.

இனி வீச்சு. முழு வீச்சுக்கு அவசரப்பட வேண்டாம். கோலை இடுப்பு உயரம் வரை மட்டும் பின்னால் கொண்டுபோங்கள். அதைக் கொண்டுபோவது தோள்கள். கைகள் கூடவே போகும். இடது கை ஏறத்தாழ நேராக இருக்கட்டும். திரும்பி வரும்போது முதலில் உடல் எடை இடது காலுக்கு மாற வேண்டும், பிறகு இடுப்பு, கடைசியில்தான் கை. கிரிக்கெட்டில் ஓடிவரும் பந்தை விரட்ட முதலில் கையைத்தான் நீட்டுவோம். இங்கே பந்து அசையாமல் காத்திருக்கிறது, கைக்கு என்ன அவசரம்? வீச்சு முடியும்போது இடுப்புப் பட்டியின் கொக்கி இலக்கைப் பார்க்கும், வலது குதிகால் தரையைவிட்டு எழும்பியிருக்கும்.

பந்தைத் தூக்கிவிட முயலாதீர்கள். பெரும்பாலானவர்கள் கெட்டுப்போவது இதில்தான். அயனின் முகம் ஏறத்தாழ 30 பாகை சரிந்திருக்கிறது. மேலே அனுப்புவது அதன் வேலை. நீங்கள் செய்ய வேண்டியது கீழ்நோக்கி அடிப்பது மட்டும்: முதலில் பந்து, பிறகு புல்.

இதற்கு நம் ஊர்க் காலைப் பனி இலவச ஆசான். பனி படர்ந்த புல்லில் பந்தில்லாமல் வீசுங்கள். கோல் உரசிய இடம் இருண்ட கோடாகத் தெரியும். பந்து இருக்க வேண்டிய இடத்திலோ அதற்குச் சற்று இலக்குப் பக்கமாகவோ அந்தக் கோடு தொடங்கினால் சரி. வலது காலருகே தொடங்கினால் எடை இன்னும் பின்னாலேயே நிற்கிறது. கோணலாக ஓடினால் பந்தும் அப்படியே ஓடும். கைப்பிடியை மட்டும் துணியால் அடிக்கடி துடையுங்கள். ஈரத்தில் நழுவிய கோல் பந்தைவிட ஆபத்தானது.

மலைநாட்டில் சமதரை தேடி அலைவது வீண் வேலை. பந்து காலைவிட உயரத்தில் கிடந்தால் அது இடப்பக்கம் இழுக்கும். கோலைச் சற்றுக் கீழே பிடித்து, இலக்குக்கு வலப்புறமாகக் குறிவையுங்கள். காலுக்குக் கீழே கிடந்தால் வலப்பக்கம் போகும். இன்னும் கொஞ்சம் குனிந்து இடப்புறம் குறிவையுங்கள். இன்னொன்று: நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. காற்று மெல்லியது என்பதால், அதே அடிக்குக் கொழும்பில் போவதைவிடப் பந்து இங்கே தூரம் போகும். தேயிலைக்குள் விழுந்ததைத் தேடப் போனால் அட்டைக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

அரைவீச்சில் பத்துக்கு ஏழு பந்துகளாவது நேராகப் போன பிறகு கோலைத் தோள் உயரத்துக்குக் கொண்டுபோங்கள். அதற்குப் பிறகு, கண்டிக்குப் பக்கத்தில் திகனையிலுள்ள விக்டோரியா மைதானம் போன்ற இடத்தில் ஒரு பயிற்றுநரிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம். விதிப்படி பையில் 14 கோல்கள் வைத்திருக்கலாம். இப்போதைக்கு அந்த ஏழாம் இலக்க அயன் ஒன்றே போதும்.