மாதிரி ரயில் தளத்தின் சிறு வீடுகளுக்கு விளக்கு அமைக்கும் முறை

எச்ஓ எனப்படும் 1:87 அளவு வீட்டுக்குள் ஒரு எல்இடியைப் பொருத்தி எரியவிட்டால், பல வேளைகளில் சன்னலை விடச் சுவர்தான் அதிகம் ஒளிரும். மெல்லிய பிளாஸ்டிக் சுவர் ஒளியைத் தடுப்பதில்லை என்பதால், கம்பியை எடுப்பதற்கு முன் தூரிகையை எடுக்க வேண்டும். சுவர்களின் உட்புறத்தில் முதலில் கறுப்பு வண்ணத்தையும், அது நன்கு உலர்ந்தபின் அதன்மேல் வெள்ளையையும் பூசவும். கறுப்பு ஒளிக்கசிவை நிறுத்தும், வெள்ளை அறைக்குள் ஒளியைப் பரப்பும். மூலைகளிலும் கூரை அமரும் விளிம்பிலும் இடுக்கு தெரிந்தால் கறுப்பு அட்டைப் பட்டையால் அடைக்கவும். சன்னல்களுக்குப் பின்னால் டிரேசிங் தாளை ஒட்டினால் எல்இடியின் புள்ளி ஒளி கண்ணில் குத்தாது.

மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து எடுக்க வேண்டாம். சாதாரண டிசி (நேர்மின்னோட்ட) தளத்தில் வண்டியின் வேகத்தோடு மின்னழுத்தமும் ஏறி இறங்குவதால், ரயில் நின்றதும் ஊரே இருளும். விளக்குகளுக்கெனத் தனியாக ஒரு 12 வோல்ட் டிசி அடாப்டர் வைத்துக்கொள்வதே நல்லது.

இனி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் (மின்தடை). வெள்ளை எல்இடி ஏறத்தாழ 3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 9 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 1 கிலோஓம் போட்டால் 9 மில்லிஆம்பியர் ஓடும். பாதுகாப்பானதுதான், ஆனால் குடியிருப்பு வீட்டுக்கு அது திருமண மண்டபத்து வெளிச்சம். 4.7 கிலோஓம் போட்டால் சுமார் 2 மில்லிஆம்பியர், 10 கிலோஓம் போட்டால் 1 மில்லிஆம்பியருக்கும் குறைவு. என் தேர்வு பெரும்பாலும் பின்னதே. மஞ்சள் சாயல் கொண்ட வார்ம் ஒயிட் எல்இடியே வீட்டு விளக்குக்குப் பொருந்தும். கால் வாட் ரெசிஸ்டர் தாராளமாகப் போதும். விளக்குக்கு 2 மில்லிஆம்பியர் வீதம் 50 விளக்குகள் எரிந்தாலும் மொத்தம் 100 மில்லிஆம்பியரைத்தான் ஒட்டும் என்பதால், பெரிய அடாப்டருக்கு அவசியமே இல்லை.

தளப்பலகையின் அடியில் சிவப்பு, கறுப்பு என இரண்டு முதன்மைக் கம்பிகளை நீளமாக ஓடவிட்டு, ஒவ்வொரு வீட்டையும் அவற்றோடு இணையாக இணைக்கவும். எல்இடியின் நீண்ட கால் நேர்முனை. ரெசிஸ்டரை எந்தக் காலில் சேர்த்தாலும் பலன் ஒன்றே, ஆனால் ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் கட்டாயம். சால்டரிங் செய்த ஒவ்வொரு மூட்டையும் சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடவும். எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பியைப் பயன்படுத்துவோர், முனையிலுள்ள பூச்சைச் சுரண்டி எடுத்த பிறகே சால்டர் செய்ய வேண்டும். பூச்சு இருந்தால் மின்சாரம் கடக்காது. வீட்டுக்கும் முதன்மைக் கம்பிக்கும் நடுவே ஒரு சிறு இரட்டைமுனை இணைப்பியை வைத்தால், பின்னாளில் வீட்டைப் பெயர்த்தெடுக்கக் கம்பியை வெட்ட நேராது.

எல்லாச் சன்னலும் ஒரே சீராக எரியும் தெரு பொம்மைக்கடை போலத் தெரியும். ஆகவே உள்ளே அட்டைத் தடுப்புகளால் அறைகளைப் பிரித்து, ஓரிரண்டு அறைகளை இருட்டாகவே விடவும். கூரையை மட்டும் பசையால் ஒட்டிவிடாமல், அறை விளக்கை அணைத்து ஒருமுறை கசிவைப் பார்த்த பின், கழற்றக்கூடிய விதத்தில் மேலே அமர்த்தவும்.