ப்ரோப் எங்கே இருக்கிறது? பாம்பு ரேக்குக்குச் சூடு அமைக்கும் முறை

பாம்பு டப்பாக்களை இழுப்பறைபோல் அடுக்கிவைக்கும் அலமாரிதான் ரேக். அதை வாங்குவதற்கு முன்னால், அது நிற்கப்போகும் அறையில் ஒரு தெர்மாமீட்டரை ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். பகலில் உச்சம் எவ்வளவு, விடியற்காலையில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ரேக்குக்குச் சூட்டைக் கூட்டத்தான் தெரியும், குறைக்கத் தெரியாது. அறையே 33 டிகிரியில் கிடந்தால், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பேசாமல் அணைந்து கிடக்கும். டப்பாவுக்குள் குளுமையான மூலை என்று ஒன்றே இருக்காது. அறை 22 முதல் 26 டிகிரிக்குள் நின்றால் வேலை எளிது. அதற்கு மேல் போகும் அறையென்றால் முதலில் அறையைக் குளிரவைக்க வழி பாருங்கள்.

பாம்பு இரை செரிக்கச் சூட்டுப் பக்கம் போகும், போதும் என்று பட்டால் விலகி வரும். அந்தப் போக்குவரத்துக்கு இடம் கொடுப்பதுதான் நம் பொறுப்பு. பால் பைதானுக்கு (ball python, பந்துபோல் சுருளும் சிறிய மலைப்பாம்பு) சூடான முனையில் 31, 32 டிகிரி, மறுமுனையில் 25 முதல் 27 வரை வைக்கிறேன். கார்ன் ஸ்னேக்குக்குச் சூட்டுப் பக்கம் 28 முதல் 30, மறுபக்கம் 22 முதல் 24. இரண்டு இனத்தையும் ஒரே ரேக்கில் வளர்ப்பதென்றால் அடுக்குகளைப் பிரித்துத் தனித்தனி தெர்மோஸ்டாட் போடுங்கள். ஒன்றிலேயே நடுத்தரமாக வைத்துச் சமாளித்தால் இரண்டுக்குமே சரிப்படாது.

என் ரேக்கில் 6 அடுக்கு. பலகை பிவிசி. இதற்கு முன் மெலமைன் பூசிய மரத்தூள் பலகையில் செய்தேன். வெட்டிய ஓரங்களை மூடாமல் விட்டதால் ஈரம் இறங்கி ஊதிப்போய், டப்பாவை இழுக்கவே வரவில்லை. மெலமைன்தான் கிடைக்கிறது என்றால் ஓரம் ஒன்று விடாமல் பட்டை ஒட்டி அடைத்துவிடுங்கள்.

சூட்டுக்கு நான் போடுவது ஹீட் டேப். இரண்டு ஓரத்திலும் செம்புப் பட்டையும் நடுவில் கரிப் பூச்சும் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் நாடா அது. டப்பாவின் பின்பக்கம், அடித்தளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் படாதபடி குறுக்காக ஓட வேண்டும். முழு அடியையும் சூடாக்கினால் பாம்புக்கு ஒதுங்க இடமில்லை. நாடா பதியும் அளவுக்குப் பலகையில் ஆழமில்லாத பள்ளம் எடுத்துவிட்டால், டப்பா முன்னும் பின்னும் போகும்போது உரசாது.

நாடாவைக் குறியிட்ட கோட்டில்தான் வெட்ட வேண்டும். மடிக்கக் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று படியவும் கூடாது. அந்த இடத்தில் சூடு கண்டபடி ஏறும். வெட்டிய முனைகளில் செம்பு வெளியே தெரியும், அதை இன்சுலேஷன் கொண்டு முழுவதும் மூடுங்கள். நாடாவைப் பலகையில் பிடித்துவைக்கப் பலரும் அலுமினிய ஃபாயில் டேப் ஒட்டுகிறார்கள். ஃபாயில் மின்சாரம் கடத்தும் என்பதை மறக்காதீர்கள், வெட்டுமுனையின் பக்கமே அது போகக் கூடாது. அடுக்குகளுக்கிடையே வயர் இணையாகப் போக வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக அல்ல. வயரை நாடாவோடு இணைக்கும் கிளிப்பை அழுத்திப் பொருத்துவதில் கை பழகவில்லை என்றால், வயர் இணைத்தே வரும் நாடாவை வாங்குங்கள் அல்லது எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத இணைப்பில் ரேக்கைச் செருகாதீர்கள்.

வாட் கணக்கு சின்னதுதான். அடிக்கு 10 வாட் எடுக்கும் நாடா, அடுக்குக்கு 2 அடி, 6 அடுக்கு என்றால் மொத்தம் 120 வாட். இது தெர்மோஸ்டாட் தாங்கும் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் டேப்பை ஒரு மணி நேரம்கூட ஓட்டாதீர்கள். விட்டு விட்டு முழுதாக எரிந்து அணையும் வகையும் வேலை செய்யும், ஆனால் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் அனுப்பும் வகைதான் ரேக்குக்கு நல்லது.

இனி ப்ரோப், அதாவது சூட்டை அளந்து தெர்மோஸ்டாட்டுக்குச் சொல்லும் உணரி வயர். என் அனுபவத்தில் ரேக்கில் நடக்கும் கெட்டதில் பாதி இந்தச் சின்ன வயரின் நுனியில்தான் நடக்கிறது. தெர்மோஸ்டாட்டுக்குக் கண் கிடையாது. ப்ரோப் சொல்வதுதான் அதற்கு உலகம். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் இரவு, டப்பாக்களைத் துடைத்துத் திரும்பச் செருகியபோது ஒன்று ப்ரோப் வயரில் மாட்டி இழுத்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. நுனி நாடாவை விட்டு விலகி, பலகைக்குப் பின்னால் காற்றில் தொங்கியது. அறைக் காற்று 24 டிகிரி. தெர்மோஸ்டாட் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து நாடாவுக்கு முழு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தது. காலையில் பார்த்தால் முத்து, என் பெரிய பால் பைதான், டப்பாவின் முன்சுவரோடு ஒட்டி மூக்கை மேலே தூக்கியபடி இருந்தாள். வயிற்றுச் செதில்களில் ஒரு சாண் நீளத்துக்குச் செம்மை. மருத்துவரிடம் கொண்டுபோய், மருந்து போட்டு, மூன்று முறை தோல் உரித்த பிறகுதான் தழும்பு மங்கியது. பாம்பு அடியிலிருந்து வரும் சூட்டை உணர்ந்து உடனே துள்ளி விலகும் என்று நம்பாதீர்கள். புண்ணாகும்வரை அதன்மேலேயே படுத்திருக்கும் பாம்புகள் உண்டு.

அதன்பிறகு நான் கடைப்பிடிப்பது இது. ப்ரோப் நாடாவின் மேலே, டப்பாவின் அடிக்கும் நாடாவுக்கும் நடுவில் படுத்திருக்கும். டப்பாவுக்குள் வைப்பதில்லை, பாம்பு தள்ளிவிடும், தண்ணீர் சிந்தினாலும் அளவு தப்பும். நுனியை ஒட்டுவதோடு விடாமல், ஒரு சாண் தள்ளி வயரையும் பலகையில் கிளிப் போட்டு இறுக்குகிறேன். அங்கே இழுபட்டால் நுனி அசையாது. முதன்மை தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் இரண்டாவதாக ஒன்று, எரிந்து அணையும் சாதாரண வகை, அதற்கென்று தனி ப்ரோப்போடு, 3 டிகிரி கூடுதலாக வைத்து மாட்டியிருக்கிறேன். முதலாவது எரிந்தபடியே சிக்கிக்கொண்டால் இது மொத்த மின்சாரத்தையும் துண்டித்துவிடும். செலவை யோசித்து இதைத் தவிர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எந்த அடுக்கில் ப்ரோப் வைப்பது? சூடு மேலே ஏறுவதால் மேல் அடுக்கு கீழ் அடுக்கைவிடக் கொஞ்சம் சூடாக ஓடும். என் ரேக்கில் வித்தியாசம் 2 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. சூடு அதிகமான அடுக்கில்தான் வைக்க வேண்டும். கீழே கொஞ்சம் குறைந்தால் பாம்பு சோம்பலாக இருக்கும், மேலே கூடினால் வெந்துபோகும்.

தெர்மோஸ்டாட்டில் வைக்கும் எண்ணும் டப்பாவுக்குள் கிடைக்கும் எண்ணும் ஒன்றல்ல. நடுவில் பிளாஸ்டிக் இருக்கிறது. என் அமைப்பில் 34 வைத்தால்தான் டப்பாவின் தரையில் 31.5 வருகிறது. உங்களுடையது வேறாக இருக்கும், அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும். அகச்சிவப்பு துப்பாக்கித் தெர்மாமீட்டரால் அளக்கும்போது பளபளக்கும் ஃபாயிலைக் குறிவைக்காதீர்கள், உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதைக் குறிவைத்தால் சரியாக வரும். தரையில் போட்டிருக்கும் தேங்காய் நார்த் தூளின் மேற்பரப்பை மட்டும் அளப்பதும் போதாது. பாம்பு அதைத் தள்ளிவிட்டு அடிப் பிளாஸ்டிக்கில் போய்ப் படுக்கும், அந்த அடிதான் கணக்கு. தூளைக் கனமாகப் போட்டால் மேலே குளுமையாகத் தெரியும், அடியில் சூடு தேங்கும். நான் 2 சென்டிமீட்டருக்கு மேல் போடுவதில்லை.

டப்பாக்களைப் பற்றி. மூடியில்லாத ரேக்கில் மேல் பலகைதான் மூடி. டப்பா விளிம்புக்கும் பலகைக்கும் இடையே 2 மில்லிமீட்டருக்கு மேல் இடுக்கு வேண்டாம். பென்சில் நுழையும் இடத்தில் கார்ன் ஸ்னேக் குட்டி நுழைந்துவிடும். பெரிய பாம்பு டப்பாவையே முன்னால் தள்ளித் திறக்கும், ஆகவே முன்பக்கம் தடுப்புக் கட்டை அவசியம். காற்றுத் துளைகளைச் சால்டரிங் அயர்னால், பாம்பில்லாத காலி டப்பாவில், ஜன்னல் திறந்த இடத்தில் போடுங்கள். உள்ளிருந்து வெளியே குத்தினால் கூரான விளிம்பு வெளிப்பக்கம் நிற்கும். துளை கூடினால் ஈரப்பதம் போய்விடும், குறைந்தால் சுவரில் நீர் கோத்து நிற்கும். பக்கத்துக்கு 8 துளையில் ஆரம்பித்து, பால் பைதானுக்கு 60 சதவீத ஈரப்பதம் நிற்கும்வரை கூட்டிக்கொண்டே போனேன்.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். பாம்பு உடம்பை நீட்டிப் படுக்க முடியாத டப்பாவில் அதைக் காலம் முழுவதும் அடைத்துவைப்பதை நான் ஏற்பதில்லை. குட்டிகளுக்கும், புதிதாக வந்து தனிமையில் இருக்க வேண்டிய பாம்புகளுக்கும் ரேக் மிக நல்ல இடம். வளர்ந்த முத்து இப்போது பெரிய கூண்டில் இருக்கிறாள். எந்தப் பாம்பானாலும் சூட்டுப் பக்கம் ஒன்று, குளுமைப் பக்கம் ஒன்று என்று இரண்டு ஒளிவிடம் வையுங்கள். ஒன்று மட்டும் வைத்தால், ஒளிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே வேண்டாத சூட்டிலும் கிடக்கும்.

எல்லாம் மாட்டியாகிவிட்டதா, சரி, பாம்பை இன்னும் வைக்காதீர்கள். தூளும் தண்ணீர்க் கிண்ணமும் ஒளிவிடமும் போட்டு, காலியாகவே ஒரு வாரம் ஓட்டுங்கள். காலை, மாலை, நள்ளிரவு மூன்று நேரமும் ஒவ்வொரு டப்பாவையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். எண்கள் அசையாமல் நின்றபிறகு பாம்பை விடலாம்.

அப்புறம் பாம்பைக் கவனியுங்கள். எந்நேரமும் முன்சுவரோடு ஒட்டிக் கிடந்தால் பின்னால் சூடு அதிகம். எந்நேரமும் நாடாவின் மேலேயே கிடந்தால் மொத்த டப்பாவும் குளிர்கிறது. விழுங்கிய இரையைக் கக்கினால் உடனே சூட்டை அளந்து பாருங்கள், குறைந்த சூடு அதற்கு முக்கியமான காரணம். மூச்சில் சீழ்க்கை, வாயோரம் நுரைக்குமிழி தெரிந்தால் குளிரும் ஈரமும் சேர்ந்து நுரையீரலைத் தாக்கியிருக்கலாம்; அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை, மருத்துவர்தான். புது டப்பாவுக்கு வந்த பாம்புக்கு முதல் 7 நாள் இரை கொடுக்காதீர்கள், கையிலும் எடுக்காதீர்கள். அந்த 7 நாளும் டப்பாவைத் தள்ளி மூடும் ஒவ்வொரு முறையும், பின்னால் கைவிட்டு ப்ரோப் வயர் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.